சுண்ணாம்புக்குத் தண்ணீர் ஆகாது

கால்சியம் என்கிற வார்த்தை சிவகாமுவுக்குப் புதியது இல்லை. கடலூர் முதுநகரில், உப்பனாற்றங்கரை ஓரமாக அவர்கள் குடும்பத்துக்குக் கிளிஞ்சல் காளவாய் இருந்தது. கிளிஞ்சலையும் கரியையும் மாற்றி மாற்றி அடுக்கி எரித்து, வெந்த கிளிஞ்சலின் மேல் தண்ணீர் தெளித்து நீற்றி, அது புகைந்து பொரிந்து மாவானதும் மூட்டை பிடிப்பார்கள். பரங்கிப்பேட்டை, கிள்ளைப் பக்கத்து இறால் குட்டைக்காரர்கள்தான் பெரிய வாடிக்கை. குட்டைக்குத் தெளிக்கிற சுண்ணாம்புக்கு அவர்கள் லோடுக்கு லோடு சோதனைச் சீட்டு கேட்பார்கள். சீட்டில் கால்சியம் இத்தனை என்று எண் போட்டிருக்கும். எண் ஏறினால் முதல் தரம். இறங்கினால் லாரி திரும்பி வந்துவிடும். கூடை தூக்குகிற பெண்களுக்குக்கூட இது தெரியும்.

அப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் தில்லையம்மாளின் ரத்தச் சோதனைச் சீட்டு வந்து சேர்ந்தது.

தில்லையம்மாள், சிவகாமுவின் தம்பி ராஜமாணிக்கத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். சேத்தியாத்தோப்பில் நெல்லும் கரும்பும் விளைந்த வீட்டுப் பெண். ஐம்பத்தொரு வயது. இருபத்தெட்டு வருடமாக அந்த வீட்டில் இருக்கிறாள், பிள்ளை இல்லை. சிவகாமு இருபத்து நாலு வயதில் புருஷனைப் பறிகொடுத்துத் தாய்வீடு திரும்பியவள். அப்பாவோடு காளவாயில் நின்று தொழில் படித்து, அவர் போன பிறகு முப்பது வருடமாக அவள்தான் எல்லாம். புகையை மோந்தே கிளிஞ்சல் வெந்ததா வேகவில்லையா என்று சொல்லிவிடுவாள். அவள் கெட்டிக்காரி. அதைச் சொல்லாமல் மறைத்தால் எனக்குத்தான் பாவம், கண்ணுகளா.

தில்லையம்மாளுக்கு இரண்டு வருடமாகவே உடம்பு சொன்னபடி கேட்கவில்லை. காலையில் எழுந்தால் இடுப்பெலும்பும் தொடையெலும்பும் யாரோ உலக்கையால் இடித்துப்போட்டதுபோல வலிக்கும். வெளிக்குப் போய் நாலு நாள் ஐந்து நாள் ஆகும். இரண்டு தரம் சிறுநீரில் கல் இறங்கித் தரையில் புரண்டாள். குழம்புக்கு உப்புப் போட்டது மறந்து மறுபடியும் போடுவாள். பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். காரணம் இல்லாமல் அழுகை வரும். எல்லாவற்றுக்கும் மேலே தாகம். சொம்பு சொம்பாகக் குடிப்பாள், குடித்த கையோடு கொல்லைப்புறம் ஓடுவாள், திரும்பி வந்து மறுபடியும் குடிப்பாள்.

"உங்க ஊட்டு கரும்புக் கொல்லைக்குக்கூட இவ்ளோ தண்ணி பாய்ச்ச மாட்டாங்கடி" என்பாள் சிவகாமு.

"நாக்கு ஒட்டிக்குது அண்ணி."

"வேலைன்னா ஒட்டிக்கும். பேசும்போது ஒட்டலியே."

ராஜமாணிக்கம் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே சாப்பிட்டுவிட்டு எழுந்து போவான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. ஆனால் அக்காவுக்கு எதிராக அவன் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை.

மூன்றாவது தரமாகக் கல் இறங்கியபோது முதுநகர் கிளினிக் டாக்டர் ரத்தம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். சீட்டு வந்த அன்றைக்கு அவர் வெளியூர் போயிருந்தார். அங்கே ஊசி போடுகிற பெண் சீட்டைப் பார்த்துவிட்டு, "கால்சியம் ஜாஸ்தியா இருக்குங்க, பெரிய டாக்டரா பாத்துக் காட்டுங்க" என்று மட்டும் சொன்னாள். ராஜமாணிக்கம் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக் காளவாய்க்குக் கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தான்.

சிவகாமு மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். கால்சியம் என்று அச்சடித்திருந்தது. பக்கத்தில் 12.9. அதற்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் எச் என்று ஓர் எழுத்து. கடைசியில் 8.5 முதல் 10.5 வரை.

"எச்சுன்னா ஹை தானே? ஏறி இருக்குன்னு அர்த்தம்" என்றாள்.

"ஆமாக்கா."

"பத்தரைக்குள்ள இருக்க வேண்டியது பதிமூணத் தொடுது. முதல் தரம்தான் போ. இவள மூட்டை புடிச்சி கிள்ளைக்கு அனுப்பிடலாம்."

கூடைக்காரப் பெண்கள் சிரித்தார்கள். ராஜமாணிக்கமும் சிரித்தான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் அதையே சொன்னான். "உனக்கு ஒண்ணும் இல்லியாம். கால்சியம் ஜாஸ்தியா இருக்குதாம். எலும்பு கெட்டியா இருக்குன்னு அர்த்தம்."

"கெட்டியா இருந்தா ஏன் இப்படி வலிக்குது?" என்று கேட்டாள் தில்லையம்மாள். அவன் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான். கேள்வி மட்டும் அடுப்பங்கரையில் இருந்த சிவகாமுவின் காதில் விழுந்தது.

அந்தக் கேள்வியை அவள் விடவில்லை. இரண்டு நாள் மனதுக்குள் போட்டு உருட்டினாள். மூன்றாம் நாள் காலையில் தம்பியைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னாள்.

"கால்சியம்னா என்னா? சுண்ணாம்பு. சுண்ணாம்பு எங்கேருந்து வந்துச்சி? இருபத்தெட்டு வருசமா நம்ப தூசிய மோந்து மோந்து அவ ரத்தத்துல எறங்கிடுச்சி. நமக்கு பரம்பரை ஒடம்பு, தாங்கும். அவ கரும்புக் கொல்லைக்காரி, தாங்கல. சரியா?"

"சரிக்கா."

"ஆண்டி முதுவ நெனச்சிப் பாரு."

ஆண்டி காளவாயில் பழைய ஆள். ஆறு வருடத்துக்கு முன்னால் நீற்றாத சுண்ணாம்பு அவன் முதுகில் கொட்டிவிட்டது. பக்கத்தில் நின்றவன் பதறி ஒரு சொம்புத் தண்ணீரை மேலே ஊற்றினான். வேர்வையோடு தண்ணீரும் சேர, சுண்ணாம்பு அவன் முதுகிலேயே கொதித்துத் தோலை உரித்துவிட்டது. துணியால் உதறித் தட்டிவிட்டு எண்ணெய் பூசியிருக்க வேண்டும். காளவாய்க்கு வருகிற எவருக்கும் முதல் பாடம் அது: சுண்ணாம்பு பட்ட உடம்பில் தண்ணீர் ஊற்றாதே.

"வெளியில பட்டதுக்கே அப்படி" என்றாள் சிவகாமு. "இவளுக்கு உள்ளுக்குள்ளயே கெடக்குது. அது மேல குடம் குடமா ஊத்துறா. வேகாம என்னா செய்யும்? அதான் எலும்பு எரியுது, வவுறு எரியுது, மூள கலங்குது. தண்ணிய நிறுத்தினா எல்லாம் அடங்கிடும்."

ராஜமாணிக்கம் தலையைச் சொறிந்தான். "பெரிய டாக்டரா பாக்கச் சொன்னாங்களே."

"டாக்டரு காளவா வெச்சிருக்கானா?"

அவனுக்கு அது நியாயமாகப் பட்டது. அக்கா சுண்ணாம்பைப் பற்றிச் சொல்லித் தப்பாய்ப் போனதே இல்லை.

இங்கே கொஞ்சம் மனதைத் திடம் பண்ணிக்கொள்ளுங்கள், அம்மா அப்பாமார்களே. பங்குனி கடைசி, கடலூர் வெயில். அந்த வெயிலில், தண்ணீருக்காகவே உயிரோடு இருந்த ஒருத்திக்கு நாளைக்கு மூன்று டம்ளர் என்று கணக்குப் போட்டார்கள். காலையில் ஒன்று, உச்சிப்பொழுதில் ஒன்று, விளக்கு வைக்கும்போது ஒன்று. நடுவில் இரண்டு கரண்டி நல்லெண்ணெய். கஞ்சி, மோர், ரசம் எதுவும் கிடையாது. சிவகாமு குடத்தைத் தன் அறைக்குள் வைத்துக்கொண்டாள். பின்கட்டுக் குழாய்க்குப் போகிற வால்வை மூடினாள்.

முதல் நாள் தில்லையம்மாள் கெஞ்சினாள். இரண்டாம் நாள் சண்டை போட்டாள். மூன்றாம் நாள் அவளுக்குச் சண்டை போடுவது எப்படி என்பதே மறந்துபோனது. துவைக்கக் கொடுத்த துணியை நனைத்து வைத்திருந்த வாளியிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தாள். சோப்புத் தண்ணீர்.

சிவகாமு கூடைக்காரப் பெண்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். "தொவைக்க சொன்னா சப்புறா பாருங்கடி. பால்குடி மறக்காத கொழந்த." அவர்கள் சிரிக்கவில்லை. ஒருத்தி மட்டும், "குடுத்துடுங்கக்கா, பாவம்" என்றாள். சிவகாமு அவளைத் திரும்பிப் பார்த்தாள். மறுநாள் அவள் வேலைக்கு வர வேண்டியிருக்கவில்லை.

சிவகாமுவுக்கு இதில் சந்தோஷம் இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது. தம்பி பெண்டாட்டியைக் குணப்படுத்துகிறோம் என்றும் அவள் மெய்யாகவே நம்பினாள். இரண்டும் ஒரே மனதுக்குள் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தன, ஒன்றை ஒன்று இடிக்காமல்.

ஐந்தாம் நாள் உச்சியில், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், தில்லையம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டே காளவாய்க்கு நடந்தாள். அங்கே நீற்றுவதற்குத் தண்ணீர் தேக்கி வைக்கிற சிமெண்ட் தொட்டி இருக்கிறது. ஓரமெல்லாம் சுண்ணாம்பு படிந்து, மேலே வெள்ளை ஏடு கட்டிக் கிடக்கும். அவள் முழங்கால் போட்டுக் குனிந்து ஆடு மாடு குடிப்பதுபோல வாய் வைத்துக் குடித்தாள்.

ஆண்டிதான் பார்த்து ஓடிவந்து இழுத்தான். அதற்குள் உதடும் நாக்கும் வெந்து வெளுத்திருந்தன. அவன் போட்ட சத்தத்தில் சிவகாமுவும் ராஜமாணிக்கமும் வந்தார்கள்.

சிவகாமு அவள் வாயைப் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள். பிறகு தம்பியிடம் சொன்னாள்: "தூசி மோந்து வரலடா. தின்னுறா. இத்தன வருசமா நமக்குத் தெரியாம சுண்ணாம்பு தின்னிருக்கா."

"தண்ணி குடிக்கத்தான் வந்தாங்க" என்றான் ஆண்டி.

"உன்ன கேட்டனா? ஒரு தரம் வெந்தது போதலியா?"

ஆண்டி தோளில் இருந்த துண்டை எடுத்துத் தில்லையம்மாளின் வாயைத் துடைத்துவிட்டு நகர்ந்து போனான்.

பெண்டாட்டி சுண்ணாம்பு தின்று சாகப் பார்க்கிறாள், நாளைக்குப் போலீஸ் வந்தால் பழி நம் தலையில் என்று அக்கா சொன்னதும் ராஜமாணிக்கம் செல்போனைத் தேடி எடுத்தான். மச்சான் அறிவழகனுக்குப் போன் போட்டான். அறிவழகன் தில்லையம்மாளின் தம்பி. கோழித்தீவனக் கம்பெனியில் வேன் ஓட்டுகிறான்.

"மச்சான், உங்க அக்கா போக்கு சரியில்ல. சுண்ணாம்பு தின்னுது. வந்து என்னான்னு கேளு."

அறிவழகன் சிரித்தான். "வெத்தல இல்லாமயா மாமா?" என்றான். "சீக்கிரம் வா மச்சான்" என்று அந்தப் பக்கம் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டுப் புறப்பட்டு வந்தான்.

வந்து பார்த்தவனுக்கு அக்காவை அடையாளம் தெரியவில்லை. கண் உள்ளே போய், கன்னம் ஒட்டி, பாயில் ஒருக்களித்துக் கிடந்தாள். தோலைக் கிள்ளினால் கிள்ளினபடியே நின்றது. அவனைப் பார்த்ததும் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"தண்ணி."

அவன் வீடெல்லாம் தேடி, சிவகாமுவின் அறைக் குடத்திலிருந்து ஒரு சொம்பு நிறைய மோந்து வந்தான். அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்தான். சிவகாமு வாசற்படியில் நின்றாள்.

"குடு. குடுக்கறத நான் தடுக்கல" என்றாள். "ஆனா ஒண்ணு. உள்ளுக்குள்ள சுண்ணாம்பு. இந்தா ரிப்போட்டு, படிச்சிக்கோ. தண்ணி பட்டு கொதிச்சி அவ உசுரு போச்சின்னா, குடுத்தது நீ. இத்தன பேரு சாச்சி."

அறிவழகன் சீட்டைப் பார்த்தான். 12.9. எச். அவனும் எட்டாவது வரைக்கும் படித்தவன்தான். சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று அவனுக்கும் தெரியும், எல்லோருக்கும் தெரியும். சொம்பை அக்காவின் உதட்டருகே பிடித்திருந்தான். அவள் நாக்கு வெளியே நீண்டு சொம்பின் விளிம்பைத் தொட்டது.

அவன் சொம்பைக் கீழே வைத்தான்.

"காலைல சிதம்பரத்துக்கு லோடு இருக்குதுக்கா. அங்க பெரிய டாக்டருகிட்ட இத காட்டிட்டு வந்துடறேன். ஒரு நாளு பொறுத்துக்கோ" என்றான். சீட்டைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டான். தில்லையம்மாள் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிவகாமு வந்து அதை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் பத்து மணிக்குச் சிதம்பரத்தில் லோடை இறக்கிவிட்டு, பெரிய ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று டாக்டர் பிரியம்வதாவைப் பார்த்தான். நாற்பது வயதுக்குள் இருக்கும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவள் நிமிர்ந்தாள்.

"பேஷண்ட் எங்க?"

"கடலூருலங்க."

"இந்த ரிப்போர்ட் எடுத்து எத்தன நாள் ஆச்சு?"

"பத்து நாளு இருக்கும். மேடம், சுண்ணாம்பு தூசி மோந்தா இப்படி வருமா? இல்ல, தின்னா வருமா?"

"தூசியில வராது. நீங்க நெனைக்கிற மாதிரி தின்னும் வராது." அவள் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். "இங்க கொத்தமல்லி வெதை அளவுல நாலு சுரப்பி இருக்கு. ரத்தத்துல கால்சியம் கொறைஞ்சா எலும்புலேருந்து எடுத்துக் குடுக்கறது அதுங்க வேலை. அதுல ஒண்ணு வீங்கி, நிறுத்தத் தெரியாம எடுத்துகிட்டே இருக்குன்னு நெனைக்கிறேன். எலும்பு கரைஞ்சி ரத்தத்துல ஓடுது. அதான் ரத்தத்துல ஜாஸ்தி. எலும்புல கம்மி. கல்லு அடைப்பு வந்திருக்குமே?"

"மூணு தரம்."

"புத்தித் தடுமாற்றம், மலச்சிக்கல், தாகம்?"

அறிவழகன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

அவள் படத்தில் கீழே ஓர் எண்ணைக் காட்டினாள். "இதையும் பாருங்க, அல்புமின். ரத்தத்துல இருக்கிற புரதம். கால்சியத்துல பாதி அது முதுகுல ஏறித்தான் போவும். அது கம்மியா இருந்தா கால்சியமும் கம்மியா இருக்கிற மாதிரி காட்டும். உங்க அக்காவுக்கு அது கம்மி. அப்போ இந்தப் பன்னண்டு புள்ளி ஒம்பதே கொறச்சிக் காட்டுற கணக்கு. நெசத்துல பதிமூணரைக்கு மேல. இந்த நோயில தாகம் எடுக்கிறது ஒடம்பு தன்னைக் காப்பாத்திக்கிற வழி. குடிச்சிக் குடிச்சிக் கழுவித் தள்ளிகிட்டு இருந்திருக்காங்க. நல்லா தண்ணி குடிக்கிறாங்கல்ல?"

அறிவழகன் நாற்காலி நுனிக்கு நகர்ந்தான். பிறகு சொன்னான். மூன்று டம்ளர் என்று சொன்னான். சொம்பைக் கீழே வைத்ததையும் சொன்னான்.

டாக்டர் அவனைத் திட்டவில்லை. "போன் போடுங்க" என்றாள்.

ராஜமாணிக்கம் எடுத்தான். டாக்டர் தானே பேசினாள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிடுகிறேன், அது வருவதற்குள் உங்கள் மனைவி விழித்திருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்றாள். அவன் "சரிங்க, சரிங்க" என்றான். அதற்குள் போன் கை மாறியது.

"நீங்க யாரும்மா?" என்றது சிவகாமுவின் குரல்.

"டாக்டர். அவங்களுக்கு உடனே தண்ணி குடுக்கணும்."

"நீங்க சுண்ணாம்பு நீத்திப் பாத்திருக்கீங்களா?"

"ரத்தத்துல இருக்கறது உங்க காளவாய்ச் சுண்ணாம்பு இல்லம்மா. அது வேற வடிவம். கொதிக்காது. தண்ணி இல்லன்னாதான் செத்துடுவாங்க."

"கால்சியம்னு நீங்கதானே எழுதறீங்க. எங்க மூட்டைலயும் அதான் எழுதியிருக்குது. ஒரே பேர வெச்சிகிட்டு வேறங்கறீங்க."

"கொஞ்சம் அவங்க வீட்டுக்காரர்கிட்ட குடுங்க."

"அவன் சின்னப் பையன், அவனுக்கு என்னா தெரியும்" என்றாள் சிவகாமு. தம்பிக்கு ஐம்பத்தாறு வயது. போன் வைக்கப்பட்டது.

ராஜமாணிக்கம் அடுப்பங்கரைக்குப் போய் ஒரு டம்ளர் எடுத்தான் என்று பிறகு ஆண்டி சொன்னான். அக்கா அறைக் குடத்தில் தண்ணீர் மோந்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, தானே குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தானாம்.

ஆம்புலன்ஸ் வந்தபோது தில்லையம்மாளுக்கு நினைவு இல்லை. ஊசி குத்தினால்கூடக் கை அசையவில்லை. சிதம்பரத்தில் எடுத்த ரத்தத்தில் கால்சியம் பதினாறைத் தாண்டியிருந்தது. சிறுநீரகம் அநேகமாக நின்றுபோயிருந்தது. இரண்டு கையிலும் ஊசி ஏற்றி உப்புநீர் பாட்டில்களைத் தொங்கவிட்டார்கள். கூடவே வந்த சிவகாமு வராந்தாவில் உட்கார்ந்து, நர்ஸ் எடுத்துப்போகிற பாட்டில்களை எண்ணிக்கொண்டிருந்தாள். எட்டாவது பாட்டில் போனபோது எழுந்து, "கொன்னுடுவீங்கடி" என்றாள். நர்ஸுக்கு அது புதிதாக இருக்கவில்லை. "தள்ளி ஒக்காருங்கம்மா" என்றாள்.

நாலாம் நாள் தில்லையம்மாள் கண் விழித்தாள். பன்னிரண்டாம் நாள் கழுத்தைத் திறந்து அந்தச் சுரப்பியை எடுத்தார்கள். கொத்தமல்லி விதையாக இருக்க வேண்டியது நிலக்கடலை அளவுக்கு இருந்தது. எடுத்த மறுநாளே கால்சியம் ஏழுக்கு இறங்கி, உதட்டைச் சுற்றி மரத்து, விரல்கள் இழுத்துக்கொண்டன. பட்டினி கிடந்த எலும்பு, கிடைத்ததையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்கிறது, கொஞ்ச நாளைக்கு இப்படித்தான் இருக்கும் என்றாள் டாக்டர். கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தாள்.

சிவகாமு மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். "எறக்கின மூட்டைய திரும்ப ஏத்துறாங்க. இவுங்களுக்கே என்னா செய்யறோம்னு தெரியல" என்று தம்பியிடம் சொன்னாள்.

மாத்திரையில் விரல் நேரானது. எலும்பு வலி போனது. புத்தி தெளிந்தது. இரண்டு வருடமாகப் பாசி மூடிக் கிடந்த குளம்போல இருந்தவளுக்கு எல்லாம் அடிவரைக்கும் தெரிந்தது. சோப்புத் தண்ணீர் தெரிந்தது. தொட்டி தெரிந்தது. தம்பி மடியில் தலை வைத்திருந்ததும் சொம்பு கீழே போனதும் தெரிந்தது. அது மறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சிறுநீரகம் மட்டும் திரும்பவில்லை. கல்லும் கால்சியமும் ஏற்கெனவே தின்று வைத்திருந்ததை அந்த ஆறு நாள் முடித்துவிட்டது. ஒரு மாதம் பார்த்துவிட்டு டாக்டர் பிரியம்வதா சொன்னாள்: வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். இனி ஆயுசுக்கும்.

அன்று மத்தியானம் அறிவழகன் பழம் வாங்கிக்கொண்டு வந்தான். தில்லையம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன நம்ப ஊட்டுக்கு கூட்டிட்டுப் போடா. சேத்தியாத்தோப்புலேருந்து இங்க வந்து போறது கிட்டத்தானே. ஒரு மூலைல கெடக்கறேன்."

அவன் இன்னொரு கையால் பழத்தை மேஜைமேல் அடுக்கினான். மறுபடியும் எடுத்துப் பையில் போட்டான். "வினோதினிய ஒரு வார்த்த கேக்கணும்கா" என்றான். வினோதினி அவன் பெண்டாட்டி.

"கேளு."

"கேட்டேன்."

"என்னா சொல்றா?"

"பாத்துக்க ஆளு இல்லங்குது. நான் வேனோட போயிடுவேன். கொஞ்ச நாளு போவட்டும்கா."

அவன் கை அவள் கைக்குள்தான் இருந்தது. அவள்தான் விட்டாள்.

வீட்டுக்கு அனுப்புகிற நாளில் டாக்டர் எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னாள். "இது வரைக்கும் தண்ணி குடுங்க குடுங்கன்னு சொன்னேன். இப்ப அப்படி இல்ல. இப்ப சிறுநீர் இறங்கல. குடிக்கிற தண்ணி வெளிய போக வழி இல்ல. ஒடம்புலயே தேங்கும், நெஞ்சுல ஏறும், மூச்சு முட்டும். நாளைக்கு அரை லிட்டர். காபி, ரசம், மோர் எல்லாம் அந்தக் கணக்குலதான். அளந்துதான் குடுக்கணும். தாகமா இருக்கும், கெஞ்சுவாங்க. பாவம் பாக்கக் கூடாது."

ராஜமாணிக்கம் தரையைப் பார்த்தான். அறிவழகன் ஜன்னலைப் பார்த்தான்.

"யாரு அளந்து குடுப்பீங்க?"

"நான் இருக்கேன்" என்றாள் சிவகாமு. "எனக்கு அளவு தெரியும்."

டாக்டர் மற்ற இருவரையும் பார்த்தாள். வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள். ராஜமாணிக்கம் மருந்துப் பையைத் தூக்கினான். வெளியே அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் சீட்டில் 500 என்று எழுதி வட்டம் போட்டுச் சிவகாமுவிடம் கொடுத்தாள்.

முதுநகர் வீட்டுக்கு ஒரு வாரமாக ஆட்கள் பார்க்க வந்தார்கள். காளவாய்ப் பெண்கள் வந்தார்கள். இறால் குட்டை முதலாளி ஒருவர் காரில் வந்தார். தில்லையம்மாளைச் சுவரில் தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். முகம் ஊதியிருந்தது. நாக்கு மட்டும் வறண்டு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது.

சிவகாமு வந்தவர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டே சொன்னாள். "நான் மொதல்லயே தலப்பாடா அடிச்சிக்கிட்டேன், இவ ஒடம்புக்குத் தண்ணி ஆவாதுன்னு. யாராவது கேட்டாங்களா? எட்டு பாட்டிலு, பத்து பாட்டிலுன்னு ஏத்துனாங்க. இருந்த கிட்னியும் போச்சி. கடைசில அதே டாக்டரு என்னா எழுதிக் குடுத்திருக்குது பாருங்க, அரை லிட்டராம். இத நான் பங்குனியிலயே சொன்னேன்." சீட்டை எடுத்துக் காட்டினாள். வட்டம் போட்ட எண்ணை எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

குட்டை முதலாளி, "அனுபவம் வேறதாங்க" என்றார்.

சிவகாமு தில்லையம்மாள் பக்கம் திரும்பினாள். "நீயே சொல்லு. சொன்னேனா இல்லியா?"

தில்லையம்மாளுக்குப் புத்தி கண்ணாடிபோல் இருந்தது. என்ன நடந்தது, ஏன் நடந்தது, அந்த எண் என்ன சொன்னது, இந்த எண் ஏன் வந்தது, எல்லாம் டாக்டர் அவளுக்குப் படம் போட்டுச் சொல்லியிருந்தாள். இந்த வீட்டில் அது தெரிந்த ஒரே ஆள் அவள்தான். ராஜமாணிக்கம் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றான். வந்தவர்கள் அவள் வாயையே பார்த்தார்கள். அவள் குடத்தைப் பார்த்தாள். அது சிவகாமுவின் அறைக்குள், கட்டிலுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

"சொன்னீங்க அண்ணி" என்றாள்.

அடுத்த டம்ளருக்கு இன்னும் நாலு மணி நேரம் இருந்தது.